தேசம் தனக்கே

ப்ராக் போகிறவர்கள் சார்லஸ் பாலத்தில் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் ஆற்றங்கரையோடு பத்து நிமிஷம் தெற்கே நடங்கள். தங்கம் மின்னும் கூரையோடு செக் தேசிய நாடக அரங்கம் வரும்.

ஆஸ்திரிய ஆட்சியில் ஜெர்மனுக்குத்தான் மேடை மரியாதை. 'நம்ம பாஷைக்கும் ஒரு மேடை வேணும்' என்று செக்காரர்கள் ஊர் ஊராக நிதி திரட்டினார்கள். 1868ல் அஸ்திவாரம். 1881 ஜூன் 11ல் திறப்பு. ஆகஸ்ட் 12ல் தீ! இரண்டே மாதம்தான்.

பி.காம். படித்த புத்தி, எனக்குப் பிடித்தது அடுத்து வரும் வசூல் கணக்கு. 47 நாளில் பத்து லட்சம் கில்டர். பேரரசர் குடும்பமும் கொடுத்தது; தேசபக்தர்கள் அதை மட்டும் மென்று விழுங்கிவிடுவார்கள்.

1883 நவம்பர் 18ல் மறுபடி திறந்தார்கள். இரண்டு திறப்புக்கும் ஸ்மெத்தனாவின் 'லிபுஷே' ஓபராதான். பாவம், அவருக்கு 1874லேயே காது போய்விட்டது.

உள்ளே அலங்காரம் கொஞ்சம் திகட்டும். அதைவிட, வெவ்வேறு மலைகளிலிருந்து கொண்டுவந்து அடித்தளத்தில் வைத்த அஸ்திவாரக் கற்கள் அழகு. 1983ல் பக்கத்தில் எழுப்பிய கண்ணாடி அரங்கத்தைத் திட்டுபவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்கிறது. பழசைக் காப்பியடிக்கவில்லையே!

மேடைக்கு மேலே பொன்னெழுத்தில் 'தேசம் தனக்கே' என்று செக் மொழியில் பொறித்திருக்கிறார்கள். இன்று அதே அரங்கில், ஓபராவின்போது ஆங்கில வரிகளும் ஓடுகின்றன, வெளியூர்க்காரர்களுக்காக. முதலில் உறுத்தும்தான். ஆனால், அது இல்லாவிட்டால் எனக்கும் உங்களுக்கும் ஒரு வார்த்தை புரியாது சார்.