கூரையிலிருந்தா, மனையிலிருந்தா: கட்டட வடிவமைப்பின் முதல் பாடம்

கட்டடக்கலைப் படிப்பின் முதல் பருவத்தில் கட்டடம் வருவதில்லை. சென்னையானாலும் இலங்கையின் மொறட்டுவையானாலும் புதிய மாணவர் முதலில் புள்ளி, கோடு, தளம், கனவடிவம் என்று ஏறுவரிசையில் பழகுகிறார். அட்டையை வெட்டி ஒட்டி மாடல் செய்கிறார். 1919இல் ஜெர்மனியில் தொடங்கிய பௌஹவுஸ் பள்ளியின் அடிப்படைப் பயிற்சி இரு நாட்டிலும் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாதை பிரிவது அதற்கு அப்பால்தான்.

சேரும் வழியே வேறு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டடக்கலைக் கவுன்சில் ஐந்தாண்டு பி.ஆர்க். படிப்பின் தரத்தை வகுக்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணோடு நாட்டா போன்ற நுழைவுத்தேர்வின் மதிப்பெண்ணும் சேர்ந்தே இடத்தை முடிவு செய்யும். இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளியோடு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் உளச்சார்புப் பரீட்சையும் உண்டு. அங்கு இன்னொரு வழியும் இருக்கிறது: இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் சிட்டி ஸ்கூல் ஒஃப் ஆர்க்கிடெக்சரில், அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம். இந்தியக் கட்டடக் கலைஞர் கழகமும் பணியில் இருப்போருக்குத் தேர்வு நடத்துகிறது. ஆனாலும் தமிழ்நாட்டில் ஆர்க்கிடெக்சர் என்றால் கல்லூரிதான். சுவரின் கனத்தை மேஸ்திரியிடம் கேட்டறிந்த மாணவர் வரையும் கோட்டுக்கும், புத்தகத்தைப் பார்த்து வரையும் கோட்டுக்கும் வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

வெயில் சென்னைக்கும் கொழும்புக்கும் ஒரே பாடத்தைச் சொல்கிறது. வடக்குச் சன்னலில் வெயில் விழாது என்ற குளிர்நாட்டு விதி இங்கே செல்லாது. ஜூன் 21 நண்பகலில் சூரியன் சென்னையின் உச்சிக்கு ஏறத்தாழ 10 பாகை வடக்கே நிற்கும்; கொழும்பில் 16 பாகைக்கும் சற்று அதிகம். ஆகவே வடக்குச் சுவருக்கும் சன்ஷேடு வேண்டும்.

மழை அப்படியல்ல. சென்னைக்கு ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ.; அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். கொழும்புக்குச் சுமார் 2,400 மி.மீ., அதுவும் ஆண்டில் இரண்டு மழை உச்சங்களோடு. அதனால் இலங்கை மாணவருக்குக் காட்டப்படும் முன்மாதிரிகளில் கூரையே தலைமை வகிக்கிறது. இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் சரிந்த ஓட்டுக்கூரை, இறவாரம், விறாந்தை, நடு முற்றம் ஆகியவற்றைத் தரைப்படத்தில் படிக்க முடியாது. கட்டடத்தை மேலிருந்து கீழாக வெட்டிக் காட்டும் வெட்டுப்படம் வரைந்தால்தான் பிடிபடும். இன்றைய கொழும்பிலும் மொட்டை மாடிகள் பெருகிவிட்டன என்பது வேறு கதை. பாவாவைப் பார்க்கத் தமிழ்நாட்டு மாணவர் கடல் கடக்க வேண்டியதில்லை: மதுரை கிளப் அவர் வடிவமைத்தது, சென்னை கன்னிமரா ஹோட்டலை 1970களில் புதுப்பித்தவரும் அவரே. எதிர்த்திசையில், கண்டியைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கட்டடக்கலை கற்கத் தொடங்கியது பம்பாயில்.

சென்னையில் பாடம் மனையிலிருந்து கிளம்புகிறது. வடசென்னை மாத்தூரை எடுத்துக்கொள்ளலாம். அரை கிரவுண்டு, அதாவது 1,200 சதுர அடி மனையில் ஒரு வீடு என்று பயிற்சி கொடுத்தால், இறவாரத்தை மூன்றடி நீட்டியதுமே அது பக்கத்துச் சுவரை எட்டிவிடும். இலங்கைக் கணக்கில் அந்த மனை நாலரைப் பேர்ச்சுக்கும் குறைவு. அங்கே புதிதாகப் பிரிக்கும் குடியிருப்புக் காணிக்குப் பொதுவாக 6 பேர்ச் குறைந்தபட்சம். சரிவான கூரை தாராளமான நிலத்தை நம்பி நிற்பது என்ற உண்மை, அழகியல் வகுப்பில் அரிதாகவே சொல்லப்படுகிறது.

மாத்தூர் இன்னொரு விதியையும் கேள்வி கேட்கும். மாலைக் கடற்காற்றுக்குக் கிழக்கே சன்னல் வை என்பது சென்னைப் பாலபாடம். மாத்தூருக்குக் கிழக்கே இருப்பதோ மணலி: 1965இல் உருவான மெட்ராஸ் ரிஃபைனரீஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனம், இன்றைய சி.பி.சி.எல்., அங்கேதான் இயங்குகிறது. காற்று ஆலைகளைத் தாண்டித்தான் வீட்டுக்குள் வரும். சன்னலைச் சாத்தினால் புழுக்கம், திறந்தால் வாடை. மாடிப்படிக் கூண்டை உயர்த்தி, மேல்வழியே வெக்கையை வெளியேற்றி, படுக்கையறையை வேறு திசைக்குத் திருப்பிப் பார்க்கும் மாணவர், தரைப்படத்தை விட்டு வெட்டுப்படத்துக்குத் தானாகவே வந்து சேர்கிறார். அதே வெட்டுப்படத்தில் தெருவையும் சேர்த்து வரைய வேண்டும்: ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் தெரு மட்டம் ஏறுவதால், வீட்டின் தரைமட்டத்தை எத்தனை அடி தூக்குவது, வாசற்படியை அந்தச் சிறு மனையில் எங்கே இறக்குவது என்பதும் அங்கேதான் தீரும்.