தாமதமில்லாமல் ஒரு ரயிலை எப்படி நிறுத்துவது?

ரயில்வே விதிப்புத்தகங்களை வரி விடாமல் படிக்கிற பழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உண்டு. பலருக்கு அது தூக்க மாத்திரை. ஒரு நிர்வாகம் தன் ஊழியரை என்னவாக நினைக்கிறது என்பதை அதன் ஆண்டறிக்கையைவிட விதிப்புத்தகம் ஒளிக்காமல் சொல்லிவிடும் என்பது என் எண்ணம். இந்த முறை எடுத்துக்கொண்டது 1990களில் பிரிட்டனில் இருந்த ஒரே ஒரு விதி. ஓடும் வண்டியில் ஓட்டுநரின் எச்சரிக்கைக் கருவி பழுதானால் என்ன செய்வது என்பதுதான் அதன் விஷயம்.

முதலில் கருவி. ஏ.டபிள்யூ.எஸ். என்பார்கள். சிக்னலுக்குக் கொஞ்சம் முன்னால் தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் பதித்திருக்கும். சிக்னல் பச்சை என்றால் ஓட்டுநர் அறையில் மணி ஒலிக்கும். மஞ்சளோ சிவப்போ என்றால் ஹாரன் அலறும். அவர் பொத்தானை அழுத்தி 'கேட்டேன்' என்று தெரிவிக்க வேண்டும். அழுத்தாவிட்டால் பிரேக் தானாகவே விழும். அழுத்தியதும் எதிரே கறுப்பும் மஞ்சளுமாக ஒரு வட்டம் தெரியும். ஓட்டுநர்கள் அதற்கு வைத்த பெயர் 'சூரியகாந்தி'. எளிமையான ஏற்பாடு, அழகான ஏற்பாடும்கூட.

இந்தக் கருவி கெட்டுப்போனால்? விதியின் சாரம் இது: பழுதான கருவியோடு பணிமனையிலிருந்து வண்டி வெளியே வரக்கூடாது. வழியில் பழுதானால், பொருத்தமான முதல் இடத்தில் வண்டியைச் சேவையிலிருந்து எடுத்துவிட வேண்டும். ஆனால் அதனால் தாமதமோ ரத்தோ ஏற்படக்கூடாது.

அந்தக் கடைசித் துண்டை இன்னொரு தடவை படியுங்கள். பயணிகள் ஏறி உட்கார்ந்த ஒரு வண்டியை, தாமதமும் இல்லாமல் ரத்தும் இல்லாமல் எந்த ஊரில் நிறுத்துவது? மாற்று வண்டி தயாராக நிற்கும் இடத்தில் மட்டும்தான் முடியும். பெரும்பாலும் அது கடைசி நிலையம். முன்பாதியில் கொடுத்த கட்டளையைப் பின்பாதி திரும்ப வாங்கிக்கொள்கிறது. 'வண்டியை ஓட்டிக்கொண்டே போ' என்று நேராக எழுத யாருக்கும் துணிச்சல் வரவில்லை. அதனால் இப்படி எழுதினார்கள்.

1997 செப்டம்பர் 19. ஸ்வான்சியிலிருந்து லண்டன் பேடிங்டனுக்குப் போன ஹெச்.எஸ்.டி. வண்டி. முன்னும் பின்னும் ஒவ்வொரு டீசல் எஞ்சின், மணிக்கு 125 மைல் வேகம், அதாவது நொடிக்கு சுமார் 56 மீட்டர். முன் எஞ்சினில் ஏ.டபிள்யூ.எஸ். துண்டிக்கப்பட்டிருந்தது. பின் எஞ்சினில் அது நன்றாகவே வேலை செய்தது! வண்டியைத் திருப்பி விட்டிருந்தால் போதும். இன்னும் வலுவான ஏ.டி.பி. கருவியும் அந்த வண்டியில் இருந்தது, அன்று அது இயக்கப்படவில்லை. ஓட்டுநர் அறையில் ஒருவர்தான். இரட்டை மஞ்சளும் ஒற்றை மஞ்சளும் அடுத்தடுத்துக் கடந்துபோயின, ஹாரன் அலறவில்லை. சிவப்பைப் பார்த்து அவசர பிரேக் போட்டபோது தூரம் மிச்சமில்லை. சவுத்தாலில் குறுக்கே போய்க்கொண்டிருந்த சரக்கு வண்டியில் மோதியது. ஏழு பேர் இறந்தார்கள்.

ஓட்டுநர் மேல் தவறே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. சிக்னலைப் பார்ப்பது அவர் வேலை. என் சண்டை விதியின் அடியில் கிடக்கும் அனுமானத்தோடு. ஏ.டபிள்யூ.எஸ். வெறும் உதவிதான், அது இல்லாவிட்டாலும் ஓட்டுநர் அதே ஓட்டுநர்தான் என்று விதி நம்பியது. தினமும் ஒவ்வொரு சிக்னலிலும் மணியோ ஹாரனோ கேட்டுப் பழகிய காது அப்படி இருக்குமா? அந்தக் காதுக்கு, சத்தம் வரவில்லை என்றால் விசேஷம் எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். கருவியைக் கொடுத்து மனிதனை மாற்றியபின், கருவியைப் பிடுங்கிவிட்டுப் பழைய மனிதனை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இதற்கு ஒரு பதில் உண்டு, அது லேசான பதிலும் இல்லை. சின்னச் சின்னப் பழுதுக்கெல்லாம் வண்டியை ரத்து செய்தால் ஜனங்கள் காரில் போவார்கள், சாலையில் இன்னும் அதிகம் பேர் சாவார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் அந்த விலையை விதியிலேயே எழுதுங்கள் என்கிறேன். வேகத்தைக் குறை, அல்லது தகுதியுள்ள இரண்டாவது ஆளை ஏற்றிக்கொள். பிரிட்டனில் பின்னால் விதி இந்தப் பக்கமாகத்தான் இறுகியது. நம்ம இந்திய ரயில்வேயின் 1976 பொது விதிகளில் 3.83 கேட்பது கிட்டத்தட்ட இதுதான். லோகோ பைலட்டும் உதவியாளரும் ஒவ்வொரு சிக்னலையும் அடையாளம் கண்டு அதன் நிலையை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்ல வேண்டும். நம்ம ஊரில் விபத்தே இல்லை என்று சொல்லவில்லை, பட்டியல் நீளம். ஆனாலும் அந்த விதி மனிதக் கவனம் நழுவும் என்று தெரிந்தே எழுதப்பட்டது.

சவுத்தால் வழக்கு விதியைப் போலவே முடிந்தது. ஓட்டுநர் மீதான கொலைக்குற்ற வழக்கு கைவிடப்பட்டது. நிறுவனத்தின் மீதானதும் நிற்கவில்லை. நிறுவனத்தின் மூளை என்று சொல்லத்தக்க குற்றவாளி ஒருவரைக் காட்டினால்தான் நிறுவனத்தைக் குற்றவாளியாக்கலாம் என்பது அன்றைய சட்டம், அப்படி யாரும் அகப்படவில்லை. பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் கிரேட் வெஸ்டர்ன் டிரெயின்ஸுக்கு 15 லட்சம் பவுண்டு அபராதம். சட்டம் மாற 2007 ஆனது.

அதற்கு முன்பே, 1999 இலையுதிர்காலத்தில், ஜான் ஊஃப் தலைமையில் சவுத்தால் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, அக்டோபர் 5 அன்று அதே பாதையில் லாட்புரோக் குரோவில் இன்னொரு டீசல் வண்டி எஸ்.என்.109 என்ற சிவப்பு சிக்னலைத் தாண்டிப் போய் எதிரே வந்த ஹெச்.எஸ்.டி. மீது மோதியது. 31 பேர் இறந்தார்கள். ஓட்டுநர் பயிற்சி முடித்து இரண்டு வாரம்கூட ஆகாதவர், அவரும் இறந்தார். அந்தச் சிக்னலை அதற்கு முந்தைய ஆறு வருஷங்களில் எட்டு தடவை ஓட்டுநர்கள் சிவப்பில் தாண்டியிருந்தார்கள். சிக்னல் நின்ற இடத்திலேயே நின்றது.