உடலும் குலநெறியும்: ஆங்கில இளையோர் இலக்கியத்தில் விலங்கு மிகைபுனைவுத் தொடர்கள்

விலங்குகள் பேசும் கதைகள் எல்லாவற்றையும் விலங்கு மிகைபுனைவு என்று அழைத்துவிட இயலாது. பஞ்சதந்திரத்தில் வரும் கரடகனும் தமனகனும் நரிகளே என்றாலும், அவற்றின் இடத்தில் இரண்டு அரசவை அலுவலரை வைத்தால் கதைக்குப் பெரிய இழப்பு ஒன்றும் நேர்வதில்லை. அங்கே நரி என்பது சூழ்ச்சிக்கு இட்ட ஒரு வேடம். இதற்கு மாறாக, பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலும் இளம் வாசகருக்கென வளர்ந்த விலங்கு மிகைபுனைவு, விலங்குகளுக்குத் தமக்கே உரிய சமூகத்தையும் வரலாற்றையும் வழிபாட்டையும் சட்டத்தையும் படைத்துத் தருவதோடு, அவை யாவும் அந்த விலங்கின் உடலிலிருந்து எழுந்தவை என்று வாசகரை நம்பவைக்கவும் முயல்கிறது. ஆகவே இவ்வகை நூல்களை ஒப்பிடுவதற்கு ஏற்ற அளவுகோல் ஒன்று உண்டு: கதையில் ஓர் இனத்தை எடுத்துவிட்டு வேறோர் இனத்தை வைத்துப் பார்த்தால் கதை நிற்கிறதா, சரிகிறதா என்பதே அது. சரிகிற கதையில்தான் விலங்கு உண்மையாக இருக்கிறது. ஒரே நூலில் இந்தச் சோதனையைத் தாங்குவது கடினமன்று; பத்து, இருபது நூல்களாக நீளும் தொடரில் தாங்குவதே அரிது.

இம்மரபின் முன்னோடிகள் பல வழிகளில் பிரிந்து சென்றவர்கள். ஆன்னா சூவெல் 1877-இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' ஒரு குதிரையே தன் வரலாற்றைச் சொல்வதாக அமைந்து, வண்டிக் குதிரைகளின் கழுத்தை வலிய நிமிர்த்திக் கட்டும் வார்க் கடிவாளத்துக்கு எதிரான உணர்வை வளர்த்தது. கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' (1894) மத்திய இந்தியாவின் சியோனிக் காட்டில் ஓநாய்களின் அவையையும் காட்டுச் சட்டத்தையும் நிறுவியது. பியாட்ரிக்ஸ் பாட்டரின் பீட்டர் என்னும் முயல் (1902) நீலச் சட்டை அணிந்து வந்தாலும், சட்டையின் பொத்தான் வலையில் சிக்கியதும் அதைக் கழற்றி எறிந்துவிட்டு நான்கு காலில் ஓடித்தான் உயிர் பிழைக்கிறது. உடைக்கும் உடலுக்கும் இடையே உள்ள இழுபறியை இத்தனை சிறிய நூலில் இத்தனை தெளிவாகக் காட்டியவர் வேறெவரும் இல்லை எனலாம். கென்னத் கிரகாமின் 'தி விண்ட் இன் தி வில்லோஸ்' (1908) மோட்டார் ஓட்டும் தேரையையும் படகு வலிக்கும் எலியையும் ஆங்கிலக் கனவான்களாக்கி, உடுத்திய விலங்குகளின் மரபுக்கு நிலையான வடிவம் கொடுத்தது.

இவற்றுக்குப் பின் வந்தவற்றுள் உடலையே கதையின் இயக்கமாக்கிய நூல், ரிச்சர்டு ஆடம்ஸ் 1972-இல் வெளியிட்ட 'வாட்டர்ஷிப் டவுன்'. அரசுப் பணியாளரான ஆடம்ஸ் நெடிய கார்ப் பயணங்களில் தம் இரு மகள்களுக்குச் சொன்ன கதையே இந்நூலாயிற்று. பல பதிப்பகங்கள் மறுத்தபின் ரெக்ஸ் காலிங்ஸ் என்னும் சிறு பதிப்பாளர் இதை ஏற்றார். 1996-இல் வந்த துணைக்கதைத் தொகுப்பு ஒன்றைத் தவிர இதற்குத் தொடர்ச்சி இல்லை ஆதலால் இதைத் தொடர்நூல் என்று சொல்ல முடியாது. எனினும் பின்வந்த தொடர்கள் எல்லாம் இதன் நிழலிலேயே எழுந்தன. ஆடம்ஸ் முயல்களைப் பற்றி அறிய ஆர். எம். லாக்லி 1964-இல் எழுதிய இயற்கை ஆய்வு நூலைத் துணையாகக் கொண்டார். நெரிசல் மிகுந்த வளைக் குடியிருப்பில் பெண்முயலின் வயிற்றில் உள்ள கருக்கள் பிறக்காமலே உடலுக்குள் கரைந்து மறையும் என்பது அந்நூலில் விளக்கப்பட்ட உண்மை. ஆடம்ஸ் அதை எஃப்ரஃபா என்னும் கொடுங்கோல் குடியிருப்பின் துயரமாக மாற்றுகிறார். அங்குள்ள பெண்முயல்கள் தப்பியோட விரும்புவதற்கு அரசியல் கொள்கை காரணமன்று, பிறவாத குட்டிகளே காரணம். இவ்விடத்தில் முயலை எடுத்துவிட்டு எலியையோ பூனையையோ வைத்தால் கதையின் நரம்பே அறுந்துவிடும்.

அதே நூலில், உழவன் ஒருவன் தீனி இட்டுக் கொழுக்க வைக்கும் மற்றொரு குடியிருப்பும் வருகிறது. அங்குள்ள முயல்கள் சுவரில் கல் பதித்து உருவம் சமைக்கின்றன, துயரக் கவிதை பாடுகின்றன. ஆனால் முயல் இனத்தின் தந்திரசாலி மூதாதையைப் பற்றிய பழங்கதைகளைக் கேட்க விரும்புவதில்லை. சுற்றிலும் கண்ணி வைக்கப்பட்டிருப்பதை அவை அறியும்; அறிந்தும் பேசுவதில்லை. இரையாகும் உயிருக்குப் பழங்கதை எதற்குத் தேவைப்படுகிறது என்பதை இப்பகுதி கட்டுரை எழுதாமலே விளக்கிவிடுகிறது. ஆடம்ஸின் முயல்கள் நான்குக்கு மேல் எண்ண அறியாதவை என்பதும், ஆற்றைக் கடக்கப் பலகையில் ஏறி மிதக்கலாம் என்பதை அவற்றுள் ஒன்றிரண்டே புரிந்துகொள்கின்றன என்பதும் அறிவின் எல்லையை உடலோடு சேர்த்தே வரைந்த நுட்பங்கள். குறையும் உண்டு. லாக்லியின் ஆய்வு பெண்முயல்களின் முதன்மையைக் காட்டியிருக்க, ஆடம்ஸின் வீரர்கள் அனைவரும் ஆண்களாகவே இருந்து, பெண்முயல்களைக் குடி பெருக்கும் தேவைக்காகவே தேடிச் செல்கின்றனர். இக்குறையைப் பலர் சுட்டிக்காட்டினர். 1996 தொகுப்பில் ஹைசன்ட்லே என்னும் பெண்முயல் இணைத் தலைவியாக உயர்வதை ஒரு திருத்தமாகவே கொள்ளலாம்.

இதன் நேர் எதிர்க்கரையில் நிற்பது பிரையன் ஜாக்ஸின் 'ரெட்வால்' தொடர். லிவர்பூல் துறைமுகப் பகுதியில் வளர்ந்து, பால் வண்டி ஓட்டியபோது பார்வையற்ற குழந்தைகளின் பள்ளி ஒன்றுக்குப் பால் வழங்கி, அக்குழந்தைகளுக்காகவே எழுதத் தொடங்கியவர் ஜாக்ஸ். 1986-இல் தொடங்கிய தொடர், அவர் மறைந்த 2011 வரை 22 புதினங்களாக நீண்டது. ஒரு மடாலயம், அதில் வாழும் சுண்டெலிகள், முள்ளெலிகள், அணில்கள், நீர்நாய்கள், அதை முற்றுகையிட வரும் எலிப்படைகள், நரிகள், மரநாய் இனத்தவை என்பது இதன் மாறாத சட்டகம். முதல் நூலில் வைக்கோல் வண்டியை ஒரு குதிரை இழுத்து வருகிறது, வண்டி நிறைய எலிகள் வருகின்றன. அடுத்த நூல்களில் அந்த மனித அளவே மறைந்து, சுண்டெலியும் பேட்ஜர் என்னும் வளைவாழ் விலங்கும் ஒரே மேசையில் அமர்ந்து உண்ணும் உலகம் நிலைபெறுகிறது. மேற்சொன்ன அளவுகோலை வைத்தால் ரெட்வால் தேறாது. சுண்டெலியை எடுத்துவிட்டு ஒரு சிறுவனை வைத்தால் கதை அப்படியே நடக்கும்.

ஆனால் அளவுகோல் ஒன்றை மட்டும் கொண்டு ஜாக்ஸை ஒதுக்குவது நேர்மையாகாது. பார்வையற்ற குழந்தைகளின் காதுக்கு எழுதியதால் அவருடைய உரைநடையில் மணமும் சுவையும் ஒலியும் நிறைந்து கிடக்கின்றன. விருந்துப் பகுதிகள் பக்கம் பக்கமாக நீள்கின்றன. ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு கொச்சை மொழி, மண்ணைத் தோண்டி வாழும் மோல்களுக்கு மேற்கு இங்கிலாந்துச் சாயல், முயல் வீரர்களுக்குப் பழைய படை அதிகாரிகளின் பேச்சு என்று காதாலேயே ஆளைப் பிரித்தறிய முடிகிறது. ஜாக்ஸின் உண்மையான பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது: இனமே குணம் என்னும் விதி. 1995-இல் வந்த 'அவுட்காஸ்ட் ஆஃப் ரெட்வால்' நூலில் மடாலயத்தில் வளர்க்கப்படும், மரநாய் இனத்தைச் சேர்ந்த ஒரு ஃபெரட் குட்டி, அன்பு ஊட்டியும் திருடனாகவும் நஞ்சிடுபவனாகவும் ஆகிறது. கடைசியில் தன்னை வளர்த்தவளுக்காக உயிர் விட்ட பின்பும் அதற்கு நற்பெயர் கிட்டுவதில்லை. 2001-இன் 'டாகரங்' நூலிலோ கொள்ளையரிடையே வளர்ந்த நீர்நாய் நல்லவனாகவே நிற்கிறது. பிறப்பு வளர்ப்பை வெல்லும் என்ற முடிவை இரு பக்கமிருந்தும் உறுதிப்படுத்துவது இளையோர் நூலுக்குச் சிறப்பன்று என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பறக்கும் உயிர்களை மையமாக்கிய இரண்டு தொடர்கள் இவ்விரு கரைகளுக்கும் நடுவே அமைகின்றன. கனடிய எழுத்தாளர் கென்னத் ஆப்பெல் 1997-இல் தொடங்கிய 'சில்வர்விங்' வரிசையில் ஷேடு என்னும் சிறு வௌவால் தன் கூட்டத்தைப் பிரிந்து தெற்கு நோக்கிய வலசைப் பாதையைத் தேடுகிறது. வௌவால் எழுப்பும் ஒலி எதிரொலித்துத் திரும்பி இடத்தின் வடிவை உணர்த்துகிறது என்ற அறிவியலை ஆப்பெல் மேலும் ஒரு படி நீட்டி, வழிப்படத்தையே ஒலியாகப் பாடி ஒரு வௌவால் மற்றொன்றின் மனத்தில் பதிக்கலாம் என்கிறார். இது புனைவே என்றாலும், உடல் எங்கு முடிகிறதோ அங்கிருந்து நேராகக் கிளைத்த புனைவு. வாசகரின் கண்ணைக் கட்டிவிட்டுக் காதை உலகமாக்கும் திறன் இத்தொடரைப் போல் வேறு எதிலும் இல்லை. கேத்ரின் லாஸ்கி 2003 முதல் 2008 வரை 15 நூல்களாக எழுதிய 'கார்டியன்ஸ் ஆஃப் கஹூல்' கூகை இனத்தைச் சேர்ந்த சோரனின் கதை. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்குவது, இரையை அரைக்கும் தசைப்பையே உணர்ச்சியின் இருப்பிடமாக இருப்பது போன்ற தொடக்க நூல்களின் நுட்பங்கள் அழகானவை. ஆனால் ஆந்தைகள் இரும்பு உருக்கி நகக்கவசம் பூணத் தொடங்கியதும் பறவை பின்வாங்கிப் படைக்கதை முன்வருகிறது.

நீளத்தாலும் வாசகர் பற்றாலும் இன்று முன்னிற்பது 'வாரியர்ஸ்'. 2003-இல் 'இன்டு தி வைல்டு' என்னும் முதல் நூலோடு தொடங்கிய இத்தொடரின் அட்டையில் எரின் ஹன்டர் என்ற பெயர் இருப்பினும் அப்படி ஒரு தனி எழுத்தாளர் இல்லை. தொகுப்பாசிரியர் விக்டோரியா ஹோம்ஸ் கதைத் திட்டத்தை வகுக்க, கேட் கேரி, செரித் பால்ட்ரி முதலியோர் நூல்களை எழுதினர். கடைகளில் ஜாக்ஸின் நூல்களுக்கு அருகே அடுக்கப்பட வேண்டும் என்பதும் ஹன்டர் என்ற பெயரைத் தேர்ந்ததற்கு ஒரு காரணமாயிற்று. வீட்டுப் பூனையான ரஸ்டி காட்டில் வாழும் நான்கு குலங்களுள் ஒன்றில் சேர்ந்து, ஃபயர்ஸ்டார் என்ற தலைவனாக உயர்வது முதல் ஆறு நூல்களின் கதை.

இங்கே உடல் மெலிந்தே காணப்படுகிறது. பூனை பெரும்பாலும் தனித்து வேட்டையாடும் உயிர். தெருப்பூனைகள் உணவு கிடைக்கும் இடங்களில் கூட்டமாக வாழ்ந்தாலும் எல்லைக் காவல் படை வைப்பதில்லை. முதல் நூலில் குலத்தின் துணைத்தலைவனாக வரும் ரெட்டெய்ல், கறுப்பும் செம்மஞ்சளும் கலந்த ஆண்பூனை. அந்நிறக் கலவைக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள் வேண்டும் என்பதால் அத்தகைய பூனைகள் அநேகமாகப் பெண்ணாகவே பிறக்கும் என்பதை இளம் வாசகர்களே கண்டுபிடித்துச் சிரிக்கின்றனர். எனினும் இத்தொடரை இழுத்துச் செல்வது அதன் குலநெறி என்னும் சட்டத் தொகுப்பு. முதியோருக்கும் குட்டிகளுக்கும் முதலில் உணவு, எல்லை மீறாமை, வெற்றிக்காகக் கொல்லத் தேவையில்லை, மருத்துவப் பூனை துணை தேடக் கூடாது என விதிகள் விரிகின்றன. 2009-இல் வந்த ஒரு துணைநூல் ஒவ்வொரு விதியும் எந்தத் தவற்றிலிருந்து பிறந்தது என்று தனித்தனிக் கதையாகவே சொல்கிறது. லீஃப்பூல் என்னும் மருத்துவப் பூனை விதியை மீறிப் பெற்ற குட்டிகளின் ரகசியம் மூன்றாம் ஆறு நூல் வரிசை முழுவதையும் நடத்துகிறது. கிப்ளிங்கின் காட்டுச் சட்டம் மாறாத ஒன்றாக மேலிருந்து ஒலித்தது. வாரியர்ஸின் சட்டமோ மீறப்பட்டு, வாதிக்கப்பட்டு, திருத்தப்படுவது. பள்ளிப் பருவத்தினர் இதில் மூழ்குவதற்குப் பூனையைக் காட்டிலும் இந்த வாதமே காரணமாக இருக்க வேண்டும். பெண்பூனைகள் தலைவியராகவும் வீரராகவும் இயல்பாக வருவதில் இத்தொடர் ஆடம்ஸையும் மிஞ்சுகிறது.

எரின் ஹன்டர் பெயரில் 2008-இல் தொடங்கிய 'சீக்கர்ஸ்' அளவில் சிறியதாயினும் இந்த ஒப்பீட்டில் தனி இடம் பெறத் தக்கது. கரடி இயல்பிலேயே தனித்து வாழ்வது; கதைக்கோ கூட்டம் வேண்டும். துருவக் கரடி, பழுப்புக் கரடி, கருங்கரடி ஆகிய மூன்று இனக் குட்டிகளோடு உருமாறும் ஆற்றல் கொண்ட ஒரு குட்டியையும் சேர்த்து வடக்கு நோக்கி நடக்கவிட்ட இத்தொடர், அவற்றின் உடல்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாமையையே சிக்கலாக்குகிறது. பனி உருகுவதால் காலிக் என்னும் துருவக் கரடியின் இனம் பட்டினி கிடக்கிறது; பனிவெளியில் நால்வரும் நடக்கையில், விலங்குக் காட்சிசாலையிலிருந்து தப்பி வந்த கருங்கரடி லூசாவைக் குளிர்கால உறக்கம் அழுத்துகிறது, துருவக் கரடிக்கோ அதுவே வேட்டைக்காலம். உறங்கினால் தோழர் பிரிவர், உறங்காவிட்டால் உடல் தளரும் என்ற அந்த நிலை எந்தக் குலநெறியாலும் தீர்த்துவைக்க இயலாதது. வாரியர்ஸின் பல நூல்களில் காணக் கிடைக்காத நெருக்கடி, குறைவாகவே பேசப்படும் இத்தொடரில்தான் இருக்கிறது.