பத்துக்குள் அடங்கிய பசி

வேலையற்ற இளைஞர்க்கு வேலை தர, 1933-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூசுவெல்ட் வனப்பாதுகாப்புப் படையொன்றை அமைத்தார். மரம் நட்டனர், மண்ணரிப்பைத் தடுத்தனர்; மாதம் 30 டாலர், அதில் 25 வரை வீட்டிற்கு. நன்று!

இனம், நிறம், சமயம் காட்டி எவரையும் விலக்கலாகாது என்று சட்டத்திலேயே எழுதவைத்தார் ஆஸ்கார் டி பிரீஸ்ட், அன்றைய நாடாளுமன்றத்தின் ஒரே கருப்பின உறுப்பினர். நடந்ததென்ன? கருப்பர்க்கு நூற்றுக்குப் பத்தே இடம் என வரம்பு கட்டினர் அதிகாரிகள். மக்கள்தொகையில் அவர்தம் பங்கு அவ்வளவுதானாம்! வேலையிழந்தோரில் அவர்தம் பங்கு அதனினும் மிகுதி என்பது மட்டும் கணக்கில் ஏறவில்லை. வரி வாங்குகையில் நிறம் பாராத கருவூலம், கூலி கொடுக்கையில் பார்ப்பானேன், தோழர்களே?

1935-இல் முகாம்களும் தனித்தனியாயின. சேரி கடல் கடந்தும் உண்டு போலும்! பெண்களுக்கோ அப்படையில் இடமே இல்லை.