ஏலத்தில் ரெண்டாவது ஆள்: பத்தமடைப் பாயும் என் பழைய எச்டிஎம்எல் பக்கமும்

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் துழாவும்போது 2006-ல் நான் எழுதிய ஒரு எச்டிஎம்எல் கோப்பு கிடைத்தது. பத்தமடை பட்டுப்பாய் ஒன்றை ஈபே இந்தியாவில் ஏலம் விடுவதற்காக எழுதிய பக்கம். (2004-ல் பாஸி.காம் தளத்தை ஈபே வாங்கியதே, அதுதான்.) இத்தனை வருஷம் கழித்து, வேற யாரோ எழுதியது மாதிரி நினைச்சு அதை விமர்சிக்கலாம்னு தோணுச்சு.

மஞ்சள் பின்னணி, சிவப்பு எழுத்து. எல்லாத்தையும் நடுவில் நிறுத்தும் சென்டர் டேக். மேலே "அரிய பாய்! அரிய வாய்ப்பு!" என்று ஓடும் மார்க்யூ. ஃபான்ட் டேக் மட்டும் பதினெட்டு. 1997-ல் வந்த எச்டிஎம்எல் 4-லேயே ஃபான்ட், சென்டர் ரெண்டையும் தவிர்க்கச் சொல்லியாச்சு. மார்க்யூ தரநிலைக்குள் வரவே இல்லை. பிஇ படிச்ச எனக்கு இது தெரியாமல் இல்லை. ஆசை விடலை, அவ்வளவுதான்.

பாய் நெய்த அக்காவிடம் திரையைக் காட்டினேன். "கலரு கலரா மின்னுது தம்பி. பாயைக் காணோமே?" என்றார். நான் சிரிச்சேன். கடைசியில் ஒரே ஒருத்தர் ஏலம் கேட்டார். தொடக்க விலைக்கே பாய் போயிருச்சு.

தப்பு எங்கே? ஈபே ஏலத்தில் ஒவ்வொருத்தரும் தன் அதிகபட்சத் தொகையைப் போட்டு வைப்பார். ஜெயிக்கிறவர் அதை முழுசாகக் கொடுப்பதில்லை. தனக்கு அடுத்தவர் போட்டதைவிட ஒரு படி மட்டும் கூடுதலாகக் கொடுப்பார். ஆக, விலையைத் தீர்மானிப்பது ரெண்டாவது ஆள். பத்தமடைப் பாயின் அருமை தெரிஞ்சவர், பக்கம் எவ்வளவு மோசமாக இருந்தாலும் கேட்பார். ஊர்ப் பேரே கேள்விப்படாத இன்னொருத்தரும் நம்பி விலை ஏத்தினால்தான் நெய்தவர் கையில் காசு சேரும்.

அந்த ரெண்டாவது ஆளுக்கு நான் என்ன சொல்லியிருந்தேன்? "மிக நேர்த்தியான" என்று மூணு தடவை. கோரையை நூல்போலக் கீறி, தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, பருத்திப் பாவில் நெய்வதைச் சொல்லவில்லை. நயம் பாயை 100 முதல் 140 கவுண்ட் வரை தரம் பிரிப்பதும், எண் கூடக் கூட வேலை வாரக்கணக்கில் நீள்வதும் இல்லை. துணி மாதிரி மடிக்கலாம் என்பதுகூட அடியில் பொடி எழுத்தில் கிடக்கிறது. அகலம் இல்லவே இல்லை.

அலங்காரம் இருந்தால்தானே ஆள் பார்ப்பான் என்று கேட்கலாம். நெல்லையப்பர் கோயில் ரதவீதியில் கடை போர்டு மின்னினால் பிரயோஜனம் உண்டு, போகிறவரை நிறுத்தணும். ஏலப் பக்கத்தைத் திறந்தவர் ஏற்கெனவே நின்னுட்டார். அவர் கையால் தொட முடியாததைத்தான் பக்கம் சொல்லணும்.

அதுக்கு அடிப்படை எச்டிஎம்எல் போதும். ஒரு தலைப்பு, ரெண்டு பத்தி, ஆறு வரி டேபிள், படத்தில் இருப்பதைச் சொல்லும் ஆல்ட் வரி. டேபிளுக்கு 800 பிக்சல் என்று அகலம் கட்டாமல் விட்டால் போனிலும் ஒழுங்காக வரும். டேபிளின் உண்மையான பலன், அது எழுதுறவனை உறுத்தும். இடப்பக்கம் "கவுண்ட்" என்று எழுதிவிட்டால், வலப்பக்கக் கட்டம் காலியாகக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மார்க்யூவுக்கு அந்தக் கூச்சம் கிடையாது.

2017-ல் ஈபே, விவரணைக்குள் ஜாவாஸ்கிரிப்ட், ஃப்ளாஷ் போன்றவற்றுக்குத் தடை போட்டது. 2018 ஆகஸ்டில் இந்தியத் தளமே மூடப்பட்டது. இப்போது விற்பனைத் தளங்களே கட்டங்களைப் போட்டுத் தருகின்றன. பாய்க்குப் புவிசார் குறியீடும் இருக்கு. ஆனாலும் நான் பார்க்கிற பல பக்கங்களில் "கைவினைப் பொருள்" என்பதோடு விவரம் முடிஞ்சிருது.

போன வாரம் அந்தக் கோப்பைத் திருத்தி எழுதினேன். பதினெட்டு ஃபான்ட் டேக்கும் போச்சு. டேபிளின் முதல் வரி: கவுண்ட். ரெண்டாவது வரி: நெய்ய எடுத்த நாள். ரெண்டு கட்டமும் காலியாகத்தான் இருக்கு. 2006-ல் அந்த அக்காவிடம் ரெண்டையுமே நான் கேட்கலை.