படகுக்கு ஏழு மடங்கு போதும்

காசிமேட்டிலிருந்து விடியுமுன் கிளம்பிய ஃபைபர் படகில் இரண்டு பைனாகுலர்களைக் கொண்டுபோனேன். ஒன்று 10×50, மற்றது 7×50. கரையில் நின்று பார்த்தபோது பத்துதான் மனதைக் கவர்ந்தது. துறைமுக வாயைத் தாண்டி அலை எடுத்ததும் அதன் வழியே எதையும் நிலையாகப் பார்க்க முடியவில்லை. உருவம் பத்து மடங்கு பெரிதாகும்போது படகின் ஆட்டமும் பத்து மடங்காகிறது. ஏழில் தூரத்து மிதவையின் நிறம் வரை தெரிந்தது.

இரண்டாம் எண்ணான 50, முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். அதை முதல் எண்ணால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிவட்டத்தின் அகலம் கிடைக்கும். 7×50-இல் அது சுமார் 7 மி.மீ.; 10×50-இல் 5 தான். இருட்டில் இளங்கண்ணின் பாவை ஏறத்தாழ 7 மி.மீ. வரை விரியும். வயதானால் அவ்வளவு விரியாது. ஆனாலும் அகன்ற வட்டத்தால் ஒரு லாபம் உண்டு: படகு குலுங்கிக் கண் சற்று விலகினாலும் காட்சி மறையாது.

இந்த 7×50-இல் ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே ஃபோகஸ் வைக்க வேண்டும். ஒருமுறை வைத்துவிட்டால் தூரத்தில் உள்ளதெல்லாம் தெளிவு. திருகிக்கொண்டே இருக்க வேண்டாம். படகை ஓட்டிய டிரைவர் அண்ணன் வாங்கிப் பார்த்தபோது அவர் கண்ணுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஃபோகஸ் வளையத்தில் அவரவர் எண்ணை நினைவில் வைத்தால் சிரமமில்லை.

உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைத்த கருவியையே வாங்குங்கள். அடைப்பில்லாத என் பழைய கருவியில் ஈரம் புகுந்து கண்ணாடி உள்ளேயே மங்கிப்போனது. நீர் புகாமைத் தரம் ஐபிஎக்ஸ்7 என்றால் நீரில் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று பொருள். மிதக்கும் என்று பொருளல்ல. மிதக்கும் கழுத்துப்பட்டை தனியே வேண்டும்.

உள்ளே திசைகாட்டி இருந்தால் கூடுதல் பணம் தரலாம். எதிரே வரும் கப்பலின் திசைக்கோணத்தைச் சில நிமிட இடைவெளியில் இருமுறை பாருங்கள். கோணம் மாறாமல் கப்பல் நெருங்கிவந்தால் அது மோதும் பாதை; உடனே விலக வேண்டும். இதற்காகவே அந்த வசதியை நான் பரிந்துரைக்கிறேன்.

ஆட்டத்தை அடக்கும் மின்னணுக் கருவிகள் நல்லவை. ஆனால் விலை அதிகம், பேட்டரியும் தீரும். சிறு படகில் முதல் கருவியாக நீர் புகாத 7×50-ஐயே எடுங்கள். கரை சேர்ந்ததும் நல்ல தண்ணீரில் அலசிவிட்டுத் துடையுங்கள். உப்போடு துடைத்தால் கண்ணாடி கீறும்.