‘அண்ணா அடிச்சவர்’ பிழையா?

நாலு வயதாகியும் நாலு சொல்லைச் சேர்த்துப் பேசாத மகனைப் பேச்சுச் சிகிச்சைக்குக் கூட்டிவரும் மதுரைத் தாய், “இன்னும் சரியா பேச்சு வரல” என்பார். சாவகச்சேரித் தாய், “பிள்ளை கதைக்கிறான் இல்லை” என்பார். கேட்பவர் மதுரைக்காரராக இருந்தால், பாட்டி சொல்லும் கதையைத்தான் சொல்கிறாராக்கும் என்று ஒரு கணம் நினைக்கக்கூடும். அதைச் சிரித்துக் கடந்துவிடலாம். பிள்ளை வாய் திறந்த பிறகு வரும் குழப்பம் அப்படியானதல்ல.

படமொன்றைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். “அண்ணா அடிச்சவர்” என்கிறது பிள்ளை. யாழ்ப்பாணத்தில் அது முழு வாக்கியம். அண்ணா அடித்தார் என்று பொருள். தமிழ்நாட்டுக் காதுக்கோ ‘அடிச்சவர்’ என்பது ஆளைக் குறிக்கும் பெயர். வினைமுற்று எங்கே என்று அது தேடும். புள்ளியிடும் தாளில் ‘வாக்கியம் முடியவில்லை’ என்று விழும். இப்படி நாலைந்து விழுந்தால், ஒழுங்காக வளரும் பிள்ளைக்கு மொழிக் கோளாறு என்று பெயர் வந்துவிடும். மறுபக்கமும் உண்டு. உண்மையிலேயே வினைமுற்று வராமல் திணறும் பிள்ளையை, “அது அவங்க ஊர்ப் பேச்சு” என்று திருப்பி அனுப்பிவிடலாம். எனக்கு இரண்டாவதுதான் கூடப் பயம்.

இந்த வேறுபாட்டைப் பிடிக்கும் காதை, பேச்சு மொழிச் சிகிச்சை படிக்கும் தம் மாணவருக்கு இந்தியாவும் இலங்கையும் எப்படிப் பழக்குகின்றன?

இந்தியாவில் இந்தத் துறைக்கு வயதும் ஆள்பலமும் உண்டு. மைசூரிலுள்ள அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் 1965இல் தொடங்கியது. அங்கே வேரூன்றியது அமெரிக்க வழி: காதும் பேச்சும் ஒரே பட்டத்தில். மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு உள்ளுறைப் பயிற்சி, பிறகு 1992ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு என்பதே நெடுங்காலமாக இருந்துவரும் நடைமுறை. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் போரூர் இராமச்சந்திராவிலும் படிக்கும் மாணவருக்குத் தமிழ்ப் பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டியதில்லை. வாசலில் வரிசையாக நிற்பார்கள். அயல்நாட்டுச் சோதனைகளை மட்டும் நம்பியிராமல் சொந்தமாகவும் செய்துகொண்டார்கள். பிரதிபா கரந்த் கன்னடத்துக்கு உருவாக்கிய மொழித்திறன் சோதனை ஒலி, சொற்பொருள், வாக்கியம் என மூன்றையும் தனித்தனியே பார்ப்பது. மைசூர் முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளாகத் தமிழுக்கும் சில வந்தன.

ஆனால் சோதனை கையில் இருந்தால் அதைக் கேட்டுமுடிப்பதே வேலை என்ற பழக்கமும் வந்துவிடுகிறது. அமெரிக்கப் பிள்ளைகளை வைத்து 1971இல் வெளியான கேள்விப்பட்டியல் இன்றும் இந்தியக் கிளினிக்குகளில் புழங்குகிறது. தாயிடம் ஆம், இல்லை கேட்டு ‘மொழி வயது’ எழுதிவிடலாம். எழுதுவது சுலபம். பிள்ளைக்கு எது வரவில்லை என்பது மட்டும் அந்த எண்ணில் இராது.

இலங்கைக்கு இது மிகப் பிந்தி வந்த துறை. களனிப் பல்கலைக்கழகத்தின் ராகம மருத்துவ பீடத்தில் 1997இல்தான் டிப்ளோமா தொடங்கியது. கைகொடுத்தவர்கள் பிரித்தானியர், அதனால் பேச்சு மொழிச் சிகிச்சை என்பது தனித்தொழில் என்ற அவர்களுடைய எண்ணமும் கூடவே வந்தது. 2008இல் அது நான்காண்டுப் பட்டமானது. சிங்களப் பிள்ளையையோ தமிழ்ப் பிள்ளையையோ வைத்துத் தரப்படுத்திய சோதனைகள் அரிதான நாட்டில் மாணவருக்கு வேறு வழியில்லை: பாயை விரித்து, விளையாட்டுச் சாமான்களைப் போட்டு, பிள்ளை தாயோடு கதைப்பதைக் கேட்டு, சொன்னதைச் சொன்னபடி எழுதிப் பிரித்துப் பார்க்கவேண்டும். வறுமையில் வந்த பழக்கம்தான், என்றாலும் நல்ல பழக்கம். இந்த இடத்தில் என் வாக்கு ராகமவுக்கே.

அந்த வாக்கு தமிழ்ப் பிள்ளை வரும்வரைதான் செல்லும். படிப்பு ஆங்கிலத்தில், மாணவரில் பெரும்பாலானோர் வீட்டில் பேசுவது சிங்களம். தமிழ் பேசும் சிகிச்சையாளருக்கு நெடுங்காலத் தட்டுப்பாடு. ஆகவே நடுவே ஒருவர் மொழிபெயர்க்கிறார். தாதியாக இருக்கலாம், சிற்றூழியராக இருக்கலாம், பல வேளை தாயே. பிள்ளை “நாய் பூனை ஓடு” என்கிறது. “பூனையை நாய் துரத்துதாம்” என்று தாய் திருத்திச் சொல்கிறாள். எந்த அம்மாதான் பிள்ளையின் பேச்சைத் திருத்தாமல் சொல்வாள்? சிகிச்சையாளர் தேடிவந்த வேற்றுமை உருபும் வினைமுடிவும் அந்தத் திருத்தத்தோடு போய்விட்டன.

பிள்ளையைக் கண்டுபிடித்து அனுப்புவதில் இரு நாடும் மோசமில்லை. இங்கே இலங்கையில் வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரும் கிளினிக் கொப்பியும். அங்கே இந்தியாவில் 2013இல் தொடங்கிய சிறார் நலத் திட்டமும் மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும். அனுப்பிய பிறகுதான் தடங்கல்.

இந்தியாவில் செய்த தமிழ்ச் சோதனையை இங்கே கொண்டுவந்தால் போதுமே என்பார்கள். படத்தைக் காட்டினால் எங்கள் பிள்ளை கதிரை, சவர்க்காரம், சப்பாத்து என்று சொல்லும். அவற்றை மாற்றிவிடலாம், ஒரு பின்னேர வேலை. ‘உவன்’ என்ற சொல்லை எங்கே வைப்பது? இவனுக்கும் அவனுக்கும் நடுவே நிற்கும் அந்தச் சுட்டு தமிழ்நாட்டுப் பேச்சில் இல்லை. யாழ்ப்பாணப் பிள்ளை அதைக் கற்கிறது. அங்கே செய்த சோதனை அதைக் கேட்கவே கேட்காது. ‘வாழைப்பழ’த்தை ‘வாளைப்பளம்’ என்பதும் அப்படியே. யாழ்ப்பாணத்தில் பெரியவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். பிள்ளையின் நாக்கில் என்ன குற்றம்? மலையகத்துக்கும் மட்டக்களப்புக்கும் வேறு கணக்கு. ஏன், நெல்லைக்கே வேறு கணக்கு.

இரு நாட்டுப் பாடத்திட்டத்திலும் நான் கேட்பது ஒன்றுதான்: மூன்று முதல் ஆறு வயதுவரையான சாதாரணப் பிள்ளைகளின் பேச்சு, ஊர் ஊராகப் பதிந்து, எழுத்தில் பெயர்த்து, மாணவர் காதால் கேட்டுப் பழக வகுப்பறையில் இருக்கவேண்டும். கோளாறுள்ள பேச்சை அறிய முதலில் கோளாறில்லாத பேச்சு காதில் ஊறியிருக்கவேண்டும். மொழியியல் துறைகள் இரு கரையிலும் இருக்கின்றன; ஒலிப்பதிவுக்குப் பணமும் பெரிதாகத் தேவையில்லை.

அது வரும்வரை பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கிளினிக்குக்குப் போகுமுன் பிள்ளை வீட்டில் விளையாடிக்கொண்டே கதைப்பதைப் பத்து நிமிடம் போனில் பதிந்துகொள்ளுங்கள். “சொல்லு, சொல்லு” என்று தூண்டவேண்டாம். பதிந்ததைச் சிகிச்சையாளருக்குப் போட்டுக் காட்டும்போது, நீங்கள் இடையில் எதையும் திருத்திச் சொல்லாதீர்கள்.